வேஷம் கட்டியவரும் வந்துபோன உருவமும்: கோலார் தங்கவயல் தமிழை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்புத் திறனாய்வு

கேளிக்கைப் பூங்காக்களில் கரடியாகவோ எலியாகவோ வாத்தாகவோ முழுவுடல் உடை அணிந்து, வருவோருடன் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ள நிற்கும் பணியாளரைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை. ‘கதாபாத்திரம்’, ‘வேடமணிந்த கலைஞர்’, ‘சின்னம்’, ‘மாஸ்காட்’, ‘பொம்மை’ எனப் பல சொற்கள் மாறிமாறி வழங்குகின்றன. ஒரே பத்தியில் மூன்று சொற்கள் ஒரே ஆளைக் குறித்து வருவதும் உண்டு. சொற்பன்மையை மட்டும் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை. புதுப்பொருள் வரும்போது மொழி சில காலம் தடுமாறுவது இயல்பே. இங்குள்ள குறை வேறு. இச்சொற்களுள் பெரும்பாலானவை உடையைப் பெயரிடுகின்றன. உடைக்குள் நிற்பவரைப் பெயரிடவில்லை. இதன் விளைவு வாக்கியம் முழுவதும் பரவுகிறது. எழுவாய், வினைமுற்று, திணை, பால் ஆகிய அனைத்தும் உடையைப் பின்பற்றிச் செல்ல, உழைப்பவர் இலக்கணத்திற்கு வெளியே நின்றுவிடுகிறார்.

பூங்காவின் பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ‘தீம் பார்க்’ என்பதற்குக் ‘கருப்பொருள் பூங்கா’ என்னும் ஆக்கம் ஓரளவு பரவியுள்ளது. அகப்பொருள் மரபில் கருப்பொருள் என்பது ஒரு திணைக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றின் தொகுப்பு. தொல்காப்பியர் ‘செய்தி’ என்று கூறுவதை உரையாசிரியர்கள் தொழில் எனவே கொண்டனர். ஆகக் கருப்பொருள் என்னும் சொல்லை முழுப்பொருளில் வழங்கினால் அங்குள்ள விலங்கும் தொழிலும் ஒருசேர அதனுள் அடங்க வேண்டும். புதிய ஆக்கமோ விலங்கை மட்டும் எடுத்துக்கொண்டு தொழிலை விட்டுவிட்டது.

இச்சிக்கலை ஆராயக் கோலார் தங்கவயல் தக்க களம். அங்கு அத்தகைய பூங்கா ஏதும் இருப்பதால் அன்று; வேஷம் என்னும் சொல்லின் மூன்று நான்கு வரலாறுகள் அவ்வூரில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன என்பதால்.

ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880இல் அங்குச் சுரங்கத் தொழிலை ஏற்றபின், வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து உழைப்பாளர் பெருந்தொகையாகக் குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இவ்வரலாறு பலரும் அறிந்ததே. மொழியியலார்க்கு வேண்டுவது, சுரங்கக் குடியிருப்பான ‘லைன்’களில் வடதமிழ்நாட்டு வழக்குத் தமிழும் சித்தூர்த் தெலுங்கும் கோலார்க் கன்னடமும் தக்கணி உருதும் நூறாண்டுக்கு மேல் அடுத்தடுத்த வாசல்களில் வழங்கிவந்தன என்னும் செய்தியே. அங்குப் பெரும்பான்மையாய் அமைந்த தமிழ், தெருக்கூத்தின் தாயகங்களுள் ஒன்றாகிய வடஆர்க்காட்டிலிருந்து வந்தது என்பதும் உடன் நினையத்தக்கது. புரிசையைப் போன்ற கூத்தூர்களைக் கொண்ட நிலம் அது.

கூத்து வழக்கில் ஒருவர் துரியோதனனாக ‘நடிப்பது’ இல்லை. துரியோதனன் வேஷம் ‘கட்டுவார்’. இன்னும் சுருக்கமாக, ‘நேற்று துரியோதனன் யார் கட்டினது?’ என்று கேட்பதும் உண்டு. இங்குத் துரியோதனன் செயப்படுபொருள், கட்டியவரே எழுவாய். புயத்திலும் மார்பிலும் தலையிலும் ஏற்றும் மரத்தாலான அணிகலன்களுக்குக் கட்டை என்று பெயர். அவற்றைக் கயிறும் துணியும் கொண்டு உடலோடு இறுக்கிக் கட்டுவதால் ‘கட்டு’ என்னும் வினை இத்தொழிலில் உருவகம் அன்று, நேர்ப்பொருளே. இரவு முழுவதும் அச்சுமையோடு ஆட வேண்டும் என்பதும் அவ்வினையில் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆக இருத்தல்’, ‘விளையாடுதல்’ என்னும் பொருளுடைய வினைகள் இவ்விடத்தில் நிற்க, தமிழில் கைவேலையைக் குறிக்கும் வினை நிற்பது சிந்திக்கத்தக்கது.

அண்டை மொழிகளும் இவ்வகையிலேயே செல்கின்றன. கன்னடத்தில் வேஷ ‘ஹாக்கு’ என்பது பெருவழக்கு. ‘கட்டு’ என்பதும் உண்டு. தெலுங்கில் வேஷம் ‘வேயு’, ‘கட்டு’ இரண்டும் உள. மலையாளத்தில் ‘கெட்டுக’. வடகேரளத் தெய்யத்தில் கோலம் கெட்டுவர். துளு நாட்டில் பூத வழிபாட்டு நிகழ்ச்சிக்கே கோல என்று பெயர். தமிழில் கோலம் என்னும் அப்பழஞ்சொல் வாசலில் இடும் மாக்கோலமாகவும், ‘இது என்ன கோலம்!’ என்னும் கடிந்துரையாகவும் ஒதுங்கிவிட்டது. பெங்களூரிலும் கோலார் மாவட்டத்திலும் நிகழும் கரக விழாவில் ஆண் ஒருவர் பெண்ணுடையில் திரௌபதியின் ஆற்றலைத் தலையில் ஏந்தி வருகிறார். அங்குக் கன்னட வினை ‘ஹொரு’, அதாவது சுமத்தல். கட்டுதல், இடுதல், சுமத்தல் ஆகிய மூன்றும் மேனியில் ஏறும் பாரத்தைச் சொல்லும் வினைகள். தெற்கத்திய மொழிகள் இத்தொழிலைப் பாரமாகவே கண்டன என்று இதனால் கொள்வது மிகையாகாது.

தென்கருநாடகத்தில் தசரா ஊர்வலங்களில் வரும் காருடி கொம்பே இங்கு ஒப்பிடத்தக்கது. தட்டிராய என்றும் அதனை வழங்குவர். மூங்கில் தட்டியால் கூடு கட்டி, மேலே பெரிய முகத்தைப் பொருத்தி, உள்ளே ஒருவர் புகுந்து தோளில் தாங்கி நடக்கும் பேருருவம் அது. புதிய பூங்காக்களின் பஞ்சடைத்த கரடிக்கும் இதற்கும் அமைப்பில் பெரும் வேற்றுமை இல்லை. தமிழ்நாட்டுப் பொய்க்கால் குதிரையிலோ குதிரைக் கூட்டுக்கு மேலே ஆடுநரின் முகமும் மார்பும் வெளியே தெரியும். ஆகவே ‘உள்ளே யார்?’ என்னும் வினா பொய்க்கால் குதிரையில் எழுவதில்லை, தட்டிராயனில் எழும். முழுவுடல் உடைக்குத் தமிழில் சொல் தேடுவோர் பொய்க்கால் குதிரையை முன்மாதிரியாகக் கொள்வது இக்காரணத்தால் முழுதும் பொருந்தாது.

இத்துணை வளமான சொல்லிருக்க மொழிபெயர்ப்பாளர் அதனை ஏன் தவிர்க்கின்றனர்? அவர்தம் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. தமிழில் வேஷம் இழிபொருள் ஏற்ற சொல். ‘வேஷம் போடுகிறான்’ என்றால் பாசாங்கு. ‘வேஷம் கலைந்தது’ என்றால் குட்டு வெளிப்பட்டது. ‘வேடதாரி’ என்றால் வஞ்சகன். இவ்விழிபின் வரலாற்றுக்குப் பகல்வேஷம் நல்ல சான்று. தெலுங்கில் பகடி வேஷமும் கன்னடத்தில் ஹகலு வேஷவும் ஊர் ஊராகச் சென்று பட்டப்பகலில் தெருவில் ஆடும் கலைஞரின் கலைக்குப் பெயர்கள். மேடையின் மறைவும் இரவின் விளக்கும் இன்றி, அணுக்கத்தில் நின்று பார்ப்பவரையும் நம்பவைக்கும் அருந்திறன் அக்கலை. அப்பெயரே தமிழில் பாசாங்கைக் குறிப்பதாகிவிட்டது. எல்லைக்கு அப்பால் தொழிலாக இருந்தது, எல்லைக்கு இப்பால் வசையாயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மாறிமாறிப் பேசும் தங்கவயல் போன்ற ஊரில் இவ்விரு பொருளும் ஒரே செவியில் விழக்கூடியவை.

ஆயினும் இழிபொருள் எங்குத் தங்கியுள்ளது என்பதை நுணுகிப் பார்த்தல் வேண்டும். ‘என்னிடம் வேஷம் போடாதே’ என்பது இயல்பான தமிழ். ‘என்னிடம் வேஷம் கட்டாதே’ என்று கடிந்துகொள்வார் அரியர். ‘அவர் பீமன் வேஷம் கட்டுவார்’ என்பதிலோ வசையின் நிழலும் இல்லை. ஆகத் தமிழில் பாசாங்குப் பொருள் பெரும்பாலும் ‘போடு’ என்னும் துணைவினையைச் சார்ந்து நிற்கிறது. தொழிற்பொருள் ‘கட்டு’ என்பதைச் சார்ந்து நிற்கிறது. மலையாளத்தில் நிலைமை மாறானது. அங்கு ‘வேஷங்கெட்டு’ என்னும் தொகையே வீண் பகட்டைக் குறிக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இந்நற்பேற்றைப் பயன்கொள்ளாமல், சொல்லையே விலக்கிவிட்டு, ‘வேடமணிந்த கலைஞர்’ என்று எழுதுகின்றனர். வேடம் என்பது வேஷத்தின் தமிழாக்கிய வடிவம், ஏட்டுச் சொல், பள்ளி மாறுவேடப் போட்டியில் உயிர்வாழ்வது. அணிதல் என்னும் வினையோ மாலைக்கும் மோதிரத்திற்கும் உரியது. பல கிலோ எடையுள்ள பஞ்சும் ரோமத்துணியும் மேனியில் ஏறுவதை ‘அணிந்த’ என்று சொல்வது, சுரங்கத் தொழிலாளி தலையில் விளக்கைச் சூடினார் என்று எழுதுவதை ஒக்கும்.

‘கதாபாத்திரம்’ என்னும் சொல்லும் அதே குறையுடையது. பாத்திரம் வடமொழியில் கொள்கலத்தையும் நாடக மாந்தரையும் ஒருங்கே குறிக்கும். கொள்கலம் என்னும் பொருளில் கொண்டால் அதனுள் ஒருவர் இருப்பார் என்னும் எண்ணமாவது எழும். வழக்கிலோ கதாபாத்திரம் என்பது கதையில் மட்டும் வாழ்வது. அதற்குப் பசியில்லை, ஊதியமில்லை, வியர்வையில்லை. பழைய நாடகக் கம்பெனியார் இவ்வகையில் தெளிவுடையவராய் இருந்தனர். ‘ராஜபார்ட்’, ‘ஸ்திரீபார்ட்’, ‘கள்ளபார்ட்’ என ஆங்கிலச் சொல்லையே பிடித்து வந்து, அதை ஆளின் பெயரோடு சேர்த்து, சம்பளத்திற்கு உரிய பதவிப் பெயராக்கினர். தூய்மை நோக்கில் அவ்வாக்கம் எள்ளப்படலாம். தொழிலைப் பெயரிடும் திறத்தில் இன்றைய ஆக்கங்கள் அதன் அருகில் நிற்கவில்லை.

மூலமொழியின் நிலையையும் பார்த்தல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பலர் அறியாமல் ஏற்றுக்கொள்வது சொற்களை மட்டும் அன்று, ஒரு நிறுவனத்தின் கருத்தியலையும் ஆகும். 1955 ஜூலை 17ஆம் நாள் கலிஃபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து, பணியிடம் முழுவதையும் நாடகமேடையாகப் பெயரிடும் ஒரு சொற்கோவையை வளர்த்தது. பணியாளர் ‘காஸ்ட் மெம்பர்’, அதாவது நடிகர் குழுவினர்; வருவோர் விருந்தினர்; சீருடை என்பது இல்லை, நாடக உடையே உண்டு; பார்வையாளர் உலவும் இடம் மேடை, பணியாளர் இளைப்பாறும் இடம் மேடைப்பின்புறம். முகம் மறைக்கும் உடைக்காரர் பேசுவதில்லை. முகம் தெரிய இளவரசியாக வருவோர் பேசுவர். முகம் மறைத்தவர் தாம் மிக்கியாக வேலை செய்வதாகவும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை; மிக்கியின் ‘நண்பர்’ என்றே சொல்லிக்கொள்வது அத்தொழிலின் மரபு. மிக்கி உண்மை, உள்ளிருப்பவர் அவருடைய தோழர் மட்டுமே. ஜான் வான் மானன் 1991இல் டிஸ்னிலாந்து வேலையைப் பற்றி எழுதிய கட்டுரையும், ஆர்லி ஹாக்‌ஷீல்டு 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதிய நூலும், முகபாவம் எவ்வாறு ஊதியத்திற்கு விற்கப்படும் உழைப்பாகிறது என்பதைக் காட்டின. அவற்றின் கருத்துகள் தமிழில் பேசப்பட்ட அளவிற்கு அவற்றின் சொற்சிக்கல் பேசப்படவில்லை.

தெருக்கூத்தில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்று உண்டு. வேஷக்காரர் திரைக்குப் பின் நின்று தம் வருகையைத் தாமே படர்க்கையில் பாடுவார். இன்னார் வருகிறார் என்று தம்மையே வேறொருவராக அறிவிப்பார். பின்னர்க் கட்டியங்காரன் வினவ, மெல்லத் தன்மைக்கு மாறுவார். ஆளும் வேஷமும் இருவர் என்பது அவையோர் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்ளப்படுகிறது; அவ்வொப்புதலுக்குப் பின்னரே ஒருமை தோன்றுகிறது. டிஸ்னி வழக்கில் அவ்விருமை மறைக்கப்பட வேண்டிய ஒன்று. கூத்தில் விடியற்காலையில் துரியோதனன் தேநீர்க் கடையில் அரிதாரம் கலையாமல் அமர்ந்திருப்பதைக் கண்டு ஊரார் திடுக்கிடுவதில்லை. ஜப்பானியம் இங்கு மூன்றாம் வழியைக் காட்டுகிறது. முழுவுடல் உடைக்குக் ‘கிகுருமி’ என்னும் தனிச்சொல் அங்கு உண்டு. அணிதல் என்னும் வினையையும் பஞ்சுப்பொம்மையின் பெயரையும் இணைத்து ஆக்கியது. உள்ளிருப்பவருக்கு ‘நகா நோ ஹிதோ’, உள்ளாள், என்று வெளிப்படையான பெயரும் உண்டு. தமிழ்நாட்டுத் துணிக்கடைத் திறப்பு விழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் நிற்கும் கரடியைச் சுட்டிப் பேச்சுவழக்கில் ‘பொம்மைக்குள்ள இருக்கிற ஆளு’ என்பர். அதுவே நல்ல தமிழ். ஏட்டில் ஏறவில்லை என்பது ஒன்றே அதன் குறை.

இனி இத்திறனாய்வின் மையமான திணைச் சிக்கல். தமிழ் வினைமுற்று திணையும் பாலும் காட்டாமல் அமைவது அரிது. உடையணிந்தவர் வந்ததைச் சொல்ல வேண்டின், ‘மிக்கி வந்தது’, ‘மிக்கி வந்தான்’, ‘மிக்கி வந்தார்’ என்னும் மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். உருவத்தை நோக்கின் அஃறிணை. கதையை நோக்கின் ஆண்பால். உள்ளிருப்பவரை நோக்கின் உயர்திணைச் சிறப்பு. ஆங்கிலத்திற்கு இத்தொல்லை வினையில் இல்லை. மலையாளத்திற்கும் இல்லை, ‘வந்நு’ என்று முடித்துவிட்டுச் செல்லலாம். கன்னடத்தில் தமிழைப் போன்றே மூன்று வழிகளும் உள. தெலுங்கில் ஒருமையில் பெண்பாலும் அஃறிணையும் ஒரே விகுதி பெறுவதால், உள்ளிருப்பவர் பெண்ணாயின் உருவமும் ஆளும் ‘வச்சிந்தி’ என்னும் ஒரே முற்றில் அடங்கிவிடும். தக்கணியில் அஃறிணையே இல்லை. இவை ஐந்தும் அறிந்த தங்கவயல்காரர் ஒருவர், ஒரே காட்சியை மொழிக்கு மொழி வேறான திணைக் கணக்கோடு சொல்ல நேரும்.

பழைய இலக்கணம் இவ்விடத்தில் வியப்பூட்டுமளவு கைகொடுக்கிறது. சேய்மையில் தெரியும் ஒன்று உயர்திணையோ அஃறிணையோ என ஐயம் எழுந்தால் எவ்வாறு கூறுவது என்பதற்குத் தொல்காப்பியக் கிளவியாக்கம் விதி வகுக்கிறது. உருவு என்னும் பொதுச்சொல்லால் கூறலாம் என்பது அதன் ஒரு கூறு. உரையாசிரியர்கள் மரக்கட்டையோ மனிதனோ என்னும் ஐயத்தை எடுத்துக்காட்டாகத் தருவர். கட்டையும் ஆளும் ஐயத்திற்குரியவை என்பதைக் கூத்தின் கட்டையோடு சேர்த்து நினைக்கும்போது அவ்வெடுத்துக்காட்டு தனிச்சுவை பெறுகிறது. எனினும் ஒன்று கருதத்தக்கது: அவ்விதி ஐயம் நீடிக்கும் வரைக்கும் உரியது. துணிந்த பின் துணிந்த திணையால் கூற வேண்டும். உடைக்குள் ஆள் உண்டு என்பதில் மொழிபெயர்ப்பாளர்க்கு ஐயம் ஏதும் இல்லை, குழந்தைக்கு இருக்கலாம். குழந்தையின் வாயில் ‘மிக்கி வந்துச்சு’ என வைப்பது நேர்மை. தொழிற்செய்தியிலோ ஒப்பந்தத்திலோ அதே அஃறிணையை வைப்பது, துணிந்த பின்னும் ஐயுற்றதுபோல் காட்டிக்கொள்வதாகும்.

நடைமுறையில் மொழிபெயர்ப்பாளர் இம்மூன்று முற்றுகளையும் அஞ்சி ஓடுவதைக் காணலாம். ‘மிக்கி வந்தாச்சு’ என்பது விளம்பரத்தார் கண்ட தப்பும் வழி. ‘ஆச்சு’ திணையை விழுங்கிவிடும். ஏட்டு நடையில் பெயரெச்சமும் செயப்பாட்டுவினையும் அப்பணியைச் செய்கின்றன. எடுத்துக்காட்டுக்கென அமைத்த ஒரு வாக்கியத்தை நோக்கலாம்: ‘வெப்ப மிகுதியால் மயக்கமுற்ற கதாபாத்திரம் மேடைப்பின்புறத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டது.’ இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் மயங்கியவர் யார், அழைத்துச் சென்றவர் யார், எங்கு என்னும் மூன்றும் இதில் இல்லை. ‘கரடி வேஷம் கட்டியிருந்தவர் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தார், உடன் நின்றவர் அவரை நிழலுக்குத் தூக்கிச் சென்றார்’ என்பது அதே நிகழ்ச்சி. சொற்கள் சில மிகுந்தன. மனிதர் இருவர் திரும்பி வந்தனர்.

இது நடைச்செம்மை பற்றிய கேள்வி மட்டும் அன்று. 2001இல் ஃபுளோரிடா டிஸ்னி உலகின் உடைக்காரர்கள் தங்கள் தொழிற்சங்கமான டீம்ஸ்டர்ஸ் வழியாக ஓர் உரிமையைப் பெற்றனர்: உடைக்குள் அணியும் உள்ளாடை ஒவ்வொருவருக்கும் தனியே வழங்கப்படும். அதுவரை பலர் மாறிமாறி அணிந்த உள்ளாடை, துவைப்புக்குப் பின்னும் தூய்மையின்றி வந்தது என்பது அவர்தம் முறையீடு. 2024 மே மாதத்தில் கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 1,700 உடைக்காரரும் ஊர்வலக் கலைஞரும் ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்னும் நடிகர் சங்கத்தில் சேர வாக்களித்தனர். இவற்றைத் தமிழில் ‘கதாபாத்திரங்கள் சங்கம் அமைத்தன’ என்று எழுதினால் எலியும் வாத்தும் வாக்குச்சாவடிக்குச் சென்றதாகப் பொருள்படும். ‘கதாபாத்திரக் கலைஞர்கள்’ என்பது சற்று மேல். எனினும் கலைஞர் என்னும் மரியாதைச் சொல், உள்ளாடைத் துவைப்பைப் பற்றிய வழக்கில் பொருந்தாமல் விலகி நிற்கிறது. ‘வேஷம் கட்டும் பணியாளர்’ என்றால் உள்ளாடையும் சங்கமும் வாக்கும் ஒரே தொடரில் இயல்பாக நிற்கும்.

தமிழ்நாட்டில் இவ்வகைத் தொழிலுக்கு மிகப் பெயர்பெற்ற சான்று, சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி. பூங்காவின் சிலை மனிதர். 1990களின் தொடக்கம் முதல் காவலர் உடையில், அசையாமல், சிரிக்காமல், தம்மைச் சிரிக்கவைக்க முயலும் கூட்டத்தின் நடுவே நின்றவர் அவர். இலண்டன் அரண்மனைக் காவலரைக் கண்டு தோன்றிய எண்ணம் அது என்பர். ‘சிலை மனிதன்’ என்னும் அத்தொகையை மக்களே நிலைநிறுத்தினர். அறிஞர் குழு எதுவும் ஆக்கியதன்று. தொகையின் தலைச்சொல் மனிதன், சிலை அடை. ஆகவே வினைமுற்று தடுமாற்றமின்றி உயர்திணையில் முடிகிறது: சிலை மனிதர் நின்றார், சிலை மனிதர் வீடு திரும்பினார். ‘மனிதச் சிலை’ என்று மாற்றியிருந்தால் அவர் நின்றிருக்கமாட்டார், ‘நின்றது’. தொகையில் எது தலை, எது அடை என்பதில் ஒருவரின் திணை தங்கியிருப்பதை இதைவிட எளிதாக விளக்குதல் அரிது. இதே முறையில் ‘கரடி வேஷக்காரர்’, ‘எலி வேஷக்காரர்’ என்பன தலைச்சொல்லை ஆளிடம் வைக்கின்றன. ‘கரடிக் கதாபாத்திரம்’, ‘எலிச் சின்னம்’ என்பன உருவத்திடம் வைக்கின்றன.

‘சின்னம்’ பற்றி ஒரு சொல். 1982 ஆசிய விளையாட்டின் அப்பு என்னும் யானைக்குட்டி சின்னம் என்றே வழங்கியது. 1984இல் டெல்லியில் திறந்து 2008இல் மூடப்பட்ட கேளிக்கைப் பூங்காவும் அப்பு வீடு என்னும் பொருளில் அதன் பெயரையே தாங்கியது. வரைபடத்திற்குச் சின்னம் என்பது பொருந்தும். வரைபடம் உடையாகி, உடை நடக்கத் தொடங்கியபின் அச்சொல் நடப்பதில்லை.

தங்கவயலில் ஒரு சொல் தொழிலாளியின் உடலோடு எத்துணை நெருங்கியது என்பதற்கு வேறொரு வரலாறும் உண்டு. கல்தூள் நுரையீரலில் படிவதால் வரும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதலில் பதிவானது அங்குத்தான், 1934இல். தனிப்பெயர் பெறும்வரை இருமல் வெறும் இருமலே. பெயர் பெற்ற பின்னரே அது தொழிலால் வந்த நோய் என வழக்காடவும் இழப்பீடு கேட்கவும் இயன்றது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தன் பெயரிலிருந்த ‘ஒர்க்மென்’ என்னும் சொல்லை 2010இல் ‘எம்ப்ளாயீஸ்’ என மாற்றிக்கொண்டது. ஒரு சொல்லின் எல்லைக்குள் யார் அடங்குவர் என்னும் கேள்வி சட்டத்திற்கும் இருந்தது. கதாபாத்திரம் எந்தச் சட்டத்தின் கீழும் தொழிலாளி ஆகாது.

மற்றொன்றும் அவ்வூருக்கு நேர்ந்துள்ளது. 2018இலும் 2022இலும் வெளிவந்த கன்னடத் திரைப்படங்கள் அவ்வூரின் சுருக்கப் பெயரையே தலைப்பாகக் கொண்டன. சயனைடு மணல்மேடுகள் கற்பனைச் சுரங்க நகருக்கு அரங்கமாயின. 2024இல் வந்த தமிழ்ப்படமான ‘தங்கலான்’ வடஆர்க்காட்டிலிருந்து பொன் தேடிச் சென்ற மக்களை முன்னோர் கோலத்தில் காட்டியது. இரண்டின் தரமும் நோக்கமும் வேறு; அவற்றை எடைபோடுவது இங்குப் பொருளன்று. ஊரே வேஷம் கட்டி நின்றதில், இன்று அங்கு வருவோர் சிலர் ஊரை விட்டு உருவத்தைத் தேடுகின்றனர் என்பதே குறிக்கத்தக்கது.

சுரங்கம் மூடிய பின் தங்கவயலின் உழைப்பு இருப்புப்பாதையில் ஏறிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். அவருள் ஓர் இளைஞர் வணிக வளாகம் ஒன்றில் கரடி உடைக்குள் நிற்கும் வேலையை ஏற்றார் எனக் கொள்ளலாம். ஆங்கிலத்தில் அடித்த ஒப்பந்தத்தில் அவர் ‘கேரக்டர்’. மேற்பார்வையாளரின் கன்னடத்தில் அவர் கொம்பே, அதாவது பொம்மை. தெலுங்குக்காரரான உடன் பணியாளர் வேஷம் என்பார். இரவு வீடு திரும்பியதும் தாய் கேட்பது, ‘இன்னிக்கு எத்தனை மணி நேரம்டா கட்டிக்கிட்டு நின்னே?’ என்பதாகத்தான் இருக்கும். நேரத்தையும் பாரத்தையும் ஆளையும் ஒரே வினையில் வைக்கும் அவ்வழக்கை, அவருடைய ஒப்பந்தத்தைத் தமிழாக்க அமர்பவர் தம் முன் வைத்துக்கொள்ளலாம். ‘பணியின் பெயர்’ என்னும் கட்டத்தில் ‘வேஷம் கட்டுநர்’ என்று எழுதினால், அடுத்த கட்டத்திலுள்ள ‘பணிநேரம்’, ‘ஓய்வு இடைவேளை’, ‘உடை துவைப்பு’ ஆகியவற்றிற்கு எழுவாய் கிடைத்துவிடுகிறது.